சுகந்தியின் கட்டுரையும் என் முடிவுரையும்

ஏப்ரல் 7, ஞாயிறு

சுகந்தியின் ஆங்கிலத் தேர்வு முடிவு வந்துவிட்டது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தேறியிருக்கிறாள். எழுதுவதில் மட்டும் ஒன்பதுக்கு ஆறு. ஆறரை இருந்தால்தான் இங்கிலாந்து மருத்துவமனை அவளை நர்சாக எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரை மதிப்பெண் போனது எதில் என்று கேட்டேன். கட்டுரையிலாம்.

கட்டுரையில்! திருச்சி பொன்மலையில் பதினாறு வருடமாகத் தமிழாசிரியராக இருப்பவன் நான். என்னிடம் கட்டுரை எழுதப் பழகிய பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்காமல் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்காரிக்குக் கட்டுரையில் மார்க் குறைவு என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா?

டியூட்டி முடிந்து வந்தவள் குளித்துவிட்டு உலை வைத்தாள். "மறுபடியும் எழுதணுங்க. மே மாசம் தேதி இருக்கு," என்றாள்.

"எழுது. நான் பாத்துக்கறேன்."

"இங்கிலீஷுங்க."

"எந்த மொழியா இருந்தா என்ன? முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அவ்வளவுதான்."

அவள் அரிசியைக் களைந்துகொண்டே சிரித்தாள். போக வேண்டும் என்று அவள் நினைத்தால் போகட்டும். நான் குறுக்கே நிற்கிறவன் இல்லை. மிக்சி ஜாடியில் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வேலையைத் தொடங்கிவிட்டேன். முதலில் தமிழில் எழுதுகிறேன். பிறகு எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர் சகாயராஜ் அதை ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். அவர் கை பட்டால் பிழை இருக்காது. என் நடையின் மிடுக்கு ஆங்கிலத்தில் பாதிதான் வருகிறது என்று அவருக்கே வருத்தம். மாலையில் சுகந்தி அதை மனப்பாடம் செய்கிறாள். தேர்வில் வரக்கூடிய தலைப்புகள் எப்படியும் ஒரு முப்பதுக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். முப்பதையும் நெட்டுருப் போட்டுவிட்டால் எவன் தடுப்பான்?

முதல் தலைப்பு: வெளிநாடு சென்று படிப்பது நல்லதா? பரந்து விரிந்த இவ்வுலகில் என்று தொடங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி

சுகந்தி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே மிருகக்காட்சிசாலைக் கட்டுரையைச் சொன்னாள். ஒரு வரி விடவில்லை. என் பெண் நறுமுகை தாளைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தாள். கூண்டில் அடைபட்ட புலியின் ஏக்கம் பற்றி நான் எழுதிய இடம் வந்தபோது இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ஒன்று மட்டும் சுகந்தி கேட்டாள். "ரெண்டு பக்கத்தையும் எழுதிட்டு, கடைசில நம்ம கருத்தச் சொல்லணுமாங்க."

"சொல்லியிருக்கேனே."

"உங்க கருத்தச் சொல்லியிருக்கீங்க."

"புருஷன் கருத்து வேற பொண்டாட்டி கருத்து வேறயா?" என்றேன். நறுமுகை சிரித்தாள். சுகந்தி அடுத்த கத்திரிக்காயை எடுத்தாள்.

மே 5, ஞாயிறு

விடுமுறை என்பதால் வேலை வேகமாகப் போகிறது. விண்வெளி ஆராய்ச்சி, சுற்றுலா, இணையத்தில் பொருள் வாங்குவது மூன்றையும் முடித்தேன். முடிவுரை எழுதும்போதுதான் எனக்குக் கை தானாக ஓடுகிறது. நிலவில் நீரைத் தேடுமுன் நம் வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்போம் என்று எழுதியதைக் கேட்டு சகாயராஜ் கை கொடுத்தார்.

காலையில் சுகந்தி என்னைப் பிடித்து உட்கார வைத்து, நறுமுகைக்குத் தலை பின்னச் சொல்லிக்கொடுத்தாள். எதற்கு என்றேன். சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மூன்று பிரிவையும் கையில் பிடிப்பதற்குள் ஒன்று நழுவிவிடுகிறது. நறுமுகை ஆ, ஊ என்று கத்தினாள். பிறகு சுகந்தி சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று காட்டினாள். அதுவும் சும்மாதானாம்.

மே 18, சனி

தேர்வு. நறுமுகையை அழைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் மற்ற நர்சுகளின் வீட்டுக்காரர்களோடு நின்றேன். ஒருவர் மனைவியின் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. என் தோளிலும் ஒன்று தொங்கியதைப் பிறகுதான் கவனித்தேன்.

வெளியே வந்தவளிடம் தலைப்பு என்ன என்று கேட்டேன். படித்தவர்கள் வெளிநாட்டில் வேலைக்குப் போவதால் பிறந்த நாட்டுக்கு நன்மையா தீமையா? எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அது என் கட்டுரைகளிலேயே உச்சம்.

"அப்படியே எழுதினியா?"

"அப்படியே எழுதினேங்க."

தாய்மண்ணை விட்டுப் போன வேர் எங்கும் தழைப்பதில்லை என்ற முடிவுரை வரியோடுதானா என்று கேட்டேன். அதோடுதான் என்றாள். வழியில் மூவருக்கும் ரோஸ்மில்க் வாங்கினேன். சுகந்தி பாதியிலேயே வைத்துவிட்டாள்.

மே 31, வெள்ளி

ஐந்தரை.

ஜூன் 1, சனி

நேற்று எழுத மனமில்லை. போன முறை ஆறு. நான் சொல்லிக்கொடுத்த பிறகு ஐந்தரை. திருத்தியவன் இலக்கியம் அறியாதவனாக இருக்க வேண்டும். இதையே சுகந்தியிடமும் சொன்னேன். "இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. ஜூலை மாதம் இன்னும் ஒரு தேதிக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அதில் போனால் போனதுதான். ஆகஸ்ட் தாண்டிவிடும்.

ஜூன் 9, ஞாயிறு

சுகந்தியோடு வேலை பார்க்கும் மும்தாஜ் வந்திருந்தாள். இதே தேர்வில் ஏற்கெனவே தேறியவள், செப்டம்பரில் கிளம்புகிறாள். டிபன் கேரியர் நிறைய பிரியாணி. சாப்பிட்டதும் என் கட்டுரைகளைக் கேட்டாள். பெருமையோடு மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து படித்ததும் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எல்லாமே ஒரே கட்டுரையா இருக்குண்ணே."

"எப்படிம்மா? தலைப்பு வேற வேறயா இருக்கே."

"தலைப்பு வேறதான். புலி காட்டுலயே இருக்கணும். டூரிஸ்ட்டு அவன் ஊர்லயே இருக்கணும். ராக்கெட்டு தரையிலயே இருக்கணும். செவ்வாய் கிரகத்துக்குப் போகலாமான்னு கேட்டாக்கூட, வீட்டுலயே இருங்கன்னுல்ல முடிச்சிருக்கீங்க!"

நறுமுகை விழுந்து விழுந்து சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மும்தாஜ் பிறகு நிதானமாகவே சொன்னாள். மனப்பாடம் செய்து எழுதியதைத் திருத்துகிறவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்களாம். பெரிய பெரிய வார்த்தைகள் அவர்களுக்கு வேண்டாமாம். "இவளுக்கு என்ன தோணுது, ஏன் தோணுது, ஒரு உதாரணம். அது போதும்ணே. ரெண்டு பக்கமும் அளந்துட்டு நம்ம கருத்தத் தெளிவாச் சொல்லாம விட்டா மார்க் தர மாட்டாங்க."

பிரியாணி நன்றாக இருந்தது. மற்றபடி அந்தப் பெண்ணுக்குக் கட்டுரையைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 11, செவ்வாய்

பள்ளி நேற்றுத் திறந்தாயிற்று. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எல்லாக் கட்டுரைகளின் முடிவுரையையும் வரிசையாகப் படித்தேன். இணையத்தில் பொருள் வாங்குவது பற்றியதைக்கூடத் தெருமுனைக் கடை அண்ணாச்சியை விட்டுப் போகாதீர்கள் என்று முடித்திருக்கிறேன். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

முப்பதும் தற்செயலா என்று சகாயராஜ் கேட்டார். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நறுமுகை பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இந்தக் கட்டுரை ஒதவாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல் கட்டுரைலேர்ந்தே."

"அப்ப ஏன் சொல்லல?"

போர்வையை மடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க எனக்குன்னு ஒக்காந்து ஒரு வேல செஞ்சது இதுதாங்க. டீ ஆறிப்போறது தெரியாம எழுதுவீங்க. அதப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது?"

நான் அடுத்த துணியை எடுத்தேன். அவளே கேட்டாள். "நான் ஒன்னு கேக்கறேன். நான் போகணுமா, வேணாமா?"

"உன் இஷ்டம். நான் என்னிக்காவது தடுத்திருக்கேனா?"

"அது பதில் இல்லங்க. மும்தாஜ் சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க. கருத்தச் சொல்லுங்க."

ஜன்னலைப் பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்தேன். அவள் விடுவதாக இல்லை.

"போகாத," என்றேன்.

கோபிப்பாள் என்று நினைத்தேன். "சரி. காரணம்?" என்றாள்.

"நறுமுகை சின்னப் பிள்ள."

"இது எல்லாரும் சொல்றது. ரெண்டு வருசத்துல உங்க ரெண்டு பேரையும் அழைச்சுக்கலாம். அடுத்தது?"

"அங்க குளிரு."

"நான் தாங்கிக்குவேன். அடுத்தது?"

அதற்கு மேல் என்னிடம் மிடுக்கான வரி எதுவும் இல்லை. "பயமா இருக்கு சுகந்தி. நீ அங்க போயி பழகிட்டா இந்த வீடு, இந்த வேல, நானு, எல்லாம் ஒனக்குச் சின்னதாத் தெரியும். அப்புறம் என்னைய அழைச்சாலும் பாவமேன்னுதான் அழைப்ப. நீ இல்லாம இந்த வீட்டுல எந்த டப்பால என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத எழுதிக் குடுத்திருக்கலாம்ல? இத எழுதியிருந்தா எனக்கு ஏழு வந்திருக்கும்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நான் சொல்லவா?" என்றாள். சொன்னாள். அவளுக்குப் போக வேண்டுமாம், ரொம்ப ஆசையாம். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. "இங்க ஒரு வார்டுக்கு ரெண்டு பேருங்க. ஊசியப் போட்டுட்டு ஓடிக்கிட்டே இருக்கேன். வலிக்குதுன்னு கையப் பிடிக்கிறவங்க கைய உதறிட்டு ஓடறேன். அங்க ஒருத்தருக்குப் பத்து நிமிசம் ஒதுக்கலாமாம். நல்ல நர்சா இருக்கறது எப்படி இருக்கும்னு ஒரு தடவையாச்சும் பாக்கணும்."

கூடவே மெதுவாகச் சொன்னாள். "அப்புறம், எங்கயாச்சும் தனியா ஒரு தடவ போகணும். நான் இதுவரைக்கும் தனியா பெரம்பலூர்கூடப் போனதில்ல."

பதிமூன்று வருடமாக என் கூட இருக்கிறவள். இவளுக்கு என்ன ஆசை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

கட்டுரை எழுத எனக்குத் தடை. மும்தாஜின் உத்தரவு. சுகந்தியே எழுதுவாள், நான் கடிகாரம் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்க வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது. திருத்துவதற்கு விரல் துடிக்கிறது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்றைய தலைப்பு, பள்ளியில் விளையாட்டைக் கட்டாயமாக்க வேண்டுமா. கட்டாயமாக்க வேண்டும், குறிப்பாக நீச்சலை என்று எழுதியிருந்தாள்.

"ஏன்?"

"எனக்கு நீந்தத் தெரியும்ங்கறதால."

"ஒனக்கா?"

காவிரியில் அக்கரைக்குப் போய் வருவாளாம், வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்களாம். தண்ணீரில் இருக்கும்போது யாரும் தன்னைக் கூப்பிட முடியாது, அது பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். எளிமையான இங்கிலீஷ். எனக்கே புரிந்தது. ஒரு அணி இல்லை, அலங்காரம் இல்லை. ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

ஜூலை 4, வியாழன்

சுகந்திக்குக் காலை டியூட்டி. பின்னல் இன்று நேராக வந்தது. சாம்பாரில் உப்பு அதிகம். நறுமுகை தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லப்பா என்றாள்.

மாலையில் சுகந்தியின் கட்டுரையில் ஒரு வரிக்கு ஏன் என்று கேட்டதற்கு இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். வயதானவர்கள் கார் ஓட்டலாமா என்பதுதான் விஷயம். நல்ல சண்டை.

ஜூலை 27, சனி

மூன்றாவது தேர்வு. காலையிலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நிதானமாக இருந்தாள், பேனாவைக்கூட நான்தான் மறந்துவிடப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் தலைப்பைக் கேட்கவே தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள். "மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கணுமா, எனாமா விடணுமான்னு கேட்டிருந்தாங்க."

"மியூசியமா?" மூன்று மாதமாக எத்தனை தலைப்பு பார்த்தோம், மியூசியத்தை யாருமே நினைக்கவில்லை. "என்ன எழுதின?"

"டிக்கெட் வாங்கணும்னு. எனாம்னா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க, மழைக்கு ஒதுங்குவாங்க. எங்க ஆஸ்பத்திரி வராண்டாவ உதாரணமா எழுதினேன்."

"எனக்கென்னமோ எனாமா விடணும்னுதான் தோணுது."

"தோணட்டுமே," என்றாள். பஸ் ஏறும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தோம். அவள் கருத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஏழு! ஆறரை கேட்டவர்களுக்கு ஏழு!

எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுக்கக் கூடாது, எடுத்துவிட்டேன். "ஏழுங்க," என்றாள், அதற்குமேல் பேசாமல் அழுதாள். பிள்ளைகளிடம் சொன்னேன், கைதட்டினார்கள். சகாயராஜுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரும் பார்க்காத பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷம் பொய் இல்லை. இனி அவள் போய்விடுவாள் என்ற பயமும் பொய் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றிவிட்டு வந்தால் நறுமுகைக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக விட்டு விட்டு வந்தது, இன்று கொதிக்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. சுகந்தி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நறுமுகை அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

சாயங்காலம் சுகந்தி திடீரென்று சொன்னாள். "நான் போகலங்க. வரலன்னு மெயில் போட்டுடறேன்."

ஏப்ரலிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. முப்பது கட்டுரை எழுதியும் வராதது, தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை காலை எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எதுக்கு?" என்றேன்.

"இவள இப்படி விட்டுட்டு எப்படிங்க?"

"காய்ச்சல் ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிரும் சுகந்தி. நீ போகாதது போகாது. வருசா வருசம் அதப் பத்தி நெனப்ப. வாய்விட்டுச் சொல்ல மாட்ட, ஆனா இவளுக்குத் தெரிஞ்சிரும். அம்மா என்னாலதான் போகலன்னு. பத்து வயசுப் பிள்ள தலையில அத ஏத்தாத."

அவள் துணியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தாள். "நீங்க போகாதன்னுதானே சொன்னீங்க?"

"இப்பவும் மனசு அதைத்தான் சொல்லுது. அது என் பாடு. நான் பாத்துக்கறேன்."

"இது யாரு எழுதிக் குடுத்தது? சகாயராஜ் சாரா?"

"இல்ல. இப்பத்தான் தோணுச்சு."

ரொம்ப நேரம் அழுதாள். ஈரத்துணியை வாங்கி நான் துடைத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. வருகிறேன் என்று மெயில் போட்டுவிட்டாள். இரண்டே வரி. எனக்கும் படித்துக் காட்டினாள்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் சுகந்தி விமானம் ஏறினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்தாள், நன்றாக நிமிர்ந்து நடந்தாள். இவ்வளவு உயரமா இவள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றாள் நறுமுகை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொஞ்ச தூரம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள். "அப்பா, அம்மா போனது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"அதாவது கண்ணு, ஒரு பக்கம் பாத்தா..."

"பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிக்கல."

"எனக்கும்."

"ஆனா போனது சரிதான்."

அவள் யோசித்தாள். "ம். சரிதான்," என்றாள். அதைச் சொல்லி முடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் நிறுத்தத்தைச் சொன்னேன். "டோல்கேட், மூணு."

அவர் எங்கள் இருக்கையைப் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"ரெண்டுப்பா," என்றாள் நறுமுகை.